30 சதவீதம் எங்கே போனது? கதிர்வீச்சு பட்ட தாடையும் ஆக்சிஜன் அறையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்து நாலைந்து வருடம் ஆன ஒருவர் பல்வலியோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். புற்றுநோய் போய்விட்டது. ஆனால் வாயில் எச்சில் இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பிகள் கதிர்வீச்சில் கெட்டுப்போனதால் வாய் எந்நேரமும் வறண்டு கிடக்கிறது. தண்ணீர் பாட்டில் கையை விட்டு இறங்குவதில்லை. எச்சில் இல்லாத வாயில் சொத்தை வழக்கமான இடத்தில் வராது. ஈறை ஒட்டிப் பல்லின் கழுத்தைச் சுற்றி வளையம் போட்டு அரிக்கும். ஒருநாள் சோறு மெல்லும்போது பல்லின் தலை தனியே முறிந்து நாக்கில் உருளும். மிச்சம் இருப்பது கீழ்க் கடைவாயில் இரண்டு வேர்கள், சீழோடு. பிடுங்கியே ஆகவேண்டும்.

பிடுங்குவதில்தான் பயம். சாதாரணத் தாடையில் பல் பிடுங்கிய குழி ரத்தக்கட்டியால் நிரம்பும், சில வாரங்களில் ஈறு மூடும், சில மாதங்களில் உள்ளே புது எலும்பு ஊறிவிடும். 60 கிரே கதிர்வீச்சு வாங்கிய தாடையில் இது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். நடக்காவிட்டால் ஈறு விலகி, மஞ்சளும் பழுப்புமாக, தொட்டால் சுரணையில்லாத எலும்பு எட்டிப் பார்க்கும். மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். இதுதான் ஆஸ்டியோரேடியோநெக்ரோசிஸ். பெயர் நீளம் என்பதால் எல்லோரும் ஓ.ஆர்.என். என்றே சொல்கிறோம். முற்றினால் கன்னத்தில் துளை விழுந்து சீழ் வடியும். தாடை தானாகவே முறியும். அதற்கப்புறம் காலில் இருந்து ஃபிபுலா எலும்பை அதன் ரத்தக்குழாயோடு வெட்டி எடுத்துவந்து தாடை கட்டும் பெரிய அறுவைதான் வழி. ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியதில் ஆரம்பித்தது அது.

மேல்தாடையில் இது குறைவு, கீழ்த்தாடையில்தான் அதிகம். கீழ்த்தாடை எலும்பு கெட்டி. ரத்தத்துக்குப் பெரும்பாலும் உள்ளே ஓடும் ஒரே தமனியை நம்பியிருக்கிறது. கதிர்வீச்சு அந்தத் தமனியையும் சுருக்கிவிட்டால் மாற்று வழி அதிகம் இல்லை.

இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு ஒரு நோயாளியுடையது அல்ல, ஒரு கேள்வியுடையது. பல் பிடுங்கும் முன்னும் பின்னும் நோயாளியை உயரழுத்த ஆக்சிஜன் அறையில் உட்காரவைத்தால் ஓ.ஆர்.என். வராமல் தடுக்கலாமா? 1985-இல் இதற்கு 'ஆம்' என்று பதில் வந்தது. சமவாய்ப்பு முறையில் நோயாளிகளைப் பிரித்துச் செய்த ஒரு சோதனையின் பலத்தில் அது பல இடங்களில் வழக்கமான சிகிச்சையாகவே ஆனது. 2019-இல் இன்னொரு சமவாய்ப்புச் சோதனை 'தேவையில்லை' என்றது. இரண்டும் நேர்மையான ஆய்வுகள்தான். பின்னே ஏன் இந்த முரண்பாடு? என்னுடைய பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆக்சிஜன் கொடுத்த குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தவரை விஷயம் பிடிபடாது. ஆக்சிஜன் கொடுக்காத குழுவைப் பார்க்க வேண்டும்.

ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது

முதலில் ஓ.ஆர்.என்.-ஐக் கிருமித் தொற்று என்றுதான் நினைத்தார்கள். கதிர்வீச்சு, காயம், தொற்று, இந்த மூன்றும் சேர்ந்தால் எலும்பு சாகும் என்பது 1970 வாக்கில் பரவலாக ஒப்புக்கொண்ட கருத்து. ஆகவே பென்சிலின் கொடுத்தார்கள். 1983-இல் அமெரிக்க முக அறுவை நிபுணர் ராபர்ட் மார்க்ஸ் இதைத் திருப்பிப் போட்டார். செத்த எலும்பை வெட்டி எடுத்துச் சோதித்தபோது, கிருமிகள் மேற்பரப்பில்தான் இருந்தன, ஆழத்தில் நோய்க்குக் காரணமாகத் தெரியவில்லை என்றார். திசுவில் ரத்தக்குழாய் குறைவு, உயிரணு குறைவு, ஆக்சிஜன் குறைவு. இந்த மூன்று குறைவுகளால் காயத்தை ஆற்றும் சக்தியே திசுவுக்கு இல்லை என்பது அவர் கோட்பாடு. ஆங்கிலத்தில் மூன்று குறைவுகளின் பெயரும் எச் எழுத்தில் தொடங்குவதால் இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் 'மூன்று எச்' என்று மாணவர்கள் மனப்பாடம் செய்வது இதைத்தான்.

கோட்பாடு இப்படி என்றால் சிகிச்சையும் அதிலேயே இருக்கிறது. ஆக்சிஜன் குறைவா? அழுத்திக் கொடு. அடைத்த அறைக்குள் 2.4 வளிமண்டல அழுத்தத்தில், அதாவது கடலில் சுமார் 14 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தத்தில், முழு ஆக்சிஜனை 90 நிமிடம் சுவாசிக்கவைத்தால், ஹீமோகுளோபினில் ஏறுவதோடு நில்லாமல் ரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே ஆக்சிஜன் கரைந்து போகும். இது ஆழ்கடல் முங்குவோருக்கான மருத்துவத்தில் இருந்து வந்த முறை. அதனால்தான் ஒரு தடவை உட்கார்ந்து எழுவதை இன்னும் 'டைவ்' என்கிறார்கள். எத்தனை சிகிச்சை ஆயிற்று என்று கேட்கமாட்டார்கள், எத்தனை டைவ் ஆயிற்று என்றுதான் கேட்பார்கள்.

மார்க்ஸ் வகுத்த தடுப்பு முறையில் பல் பிடுங்குவதற்கு முன் 20 டைவ், பின் 10 டைவ். வாரத்துக்கு ஐந்து நாள் என்று போட்டாலும் முன்னால் நான்கு வாரம், பின்னால் இரண்டு வாரம். ஏற்கெனவே ஆறேழு வாரம் தினமும் கதிர்வீச்சுக்குப் போய்வந்து களைத்த ஆளுக்கு மறுபடியும் ஆறு வாரம். காது அடைக்கும், விமானம் இறங்கும்போது அடைப்பதைப் போல, ஆனால் தினமும். சிலருக்குப் பார்வை தற்காலிகமாகக் கிட்டப்பார்வையாக மாறும். அரிதாக ஆக்சிஜன் நச்சால் வலிப்பு வரும். மூடிய இடம் என்றாலே பயப்படுவோர் முதல் நாளே திரும்பிவிடுவார்கள். சரி, தாடை தப்பும் என்றால் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். தப்புமா?

1985: 37-க்கு 11, 37-க்கு 2

மார்க்ஸும் இரண்டு சகாக்களும் 74 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் தாடையில் 6000 ராட், இன்றைய கணக்கில் 60 கிரே, அல்லது அதற்கு மேல் வாங்கியவர்கள். எல்லோருக்கும் பல் பிடுங்க வேண்டியிருந்தது. பாதிப் பேருக்குப் பென்சிலின், பாதிப் பேருக்கு ஆக்சிஜன் அறை. பென்சிலின் குழுவில் 37 பேரில் 11 பேருக்கு ஓ.ஆர்.என். வந்தது, ஏறக்குறைய 30 சதவீதம். ஆக்சிஜன் குழுவில் 37 பேரில் 2 பேருக்கு, 5.4 சதவீதம்.

வாய் அறுவைத் துறையில் அந்தக் காலத்தில் சமவாய்ப்புச் சோதனை என்பதே அபூர்வம். 'என் கையில் 50 நோயாளிகள், எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள்' என்ற வகைக் கட்டுரைகளுக்கு நடுவில் இது தனியாக நிமிர்ந்து நின்றது. எண்களும் வாயை அடைக்கும் எண்கள். 30-இல் இருந்து 5 சதவீதம் என்றால் வித்தியாசம் 24 சதவீதத்துக்கு மேல். நான்கு பேரை அறைக்குள் அனுப்பினால் ஒரு தாடை தப்பும். 120 டைவுக்கு ஒரு தாடை. யாராக இருந்தாலும் அனுப்புவார்கள்.

இப்போது அதே எண்களைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். ஆக்சிஜன் குழுவில் 2 பேருக்குப் பதில் 4 பேருக்கு ஓ.ஆர்.என். வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 11-க்கு எதிராக 4. சிறு எண்களுக்கு ஏற்ற ஃபிஷர் முறையில் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த வித்தியாசம், 'இது தற்செயல் இல்லை' என்று சொல்ல வைத்திருக்கும் வழக்கமான 0.05 கோட்டுக்குள் வராது. அதாவது இந்தச் சோதனையின் முழு எடையும் இரண்டே இரண்டு மனிதர்களின் தாடை மேல் நிற்கிறது. இன்னும் இருவருக்கு ஈறில் தெரிந்த எலும்பு முனையை 'இது ஓ.ஆர்.என்.' என்று ஒருவர் சொல்லியிருந்தால் முடிவே மாறியிருக்கும். சொல்பவருக்கோ யார் எந்தக் குழு என்று தெரியும். ஆறு வாரம் அறைக்குள் போய்வந்தவரை மறைக்க வழியில்லை. பென்சிலின் குழுவினருக்குப் பொய்யான அறையும் கிடையாது. இதை நேர்மைக் குறைவு என்று நான் சொல்லவில்லை. கோட்பாட்டை உருவாக்கியவரே சோதித்தால் சந்தேகமான ஒரு முனையைப் பார்க்கும் கண் எந்தப் பக்கம் சாயும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் கண்ணும் அப்படித்தான் சாயும்.

ஆனால் என்னை உறுத்துவது அது இல்லை. அந்த 30 சதவீதம்தான். மூன்றில் ஒருவருக்குத் தாடை சாகும் என்றால், கதிர்வீச்சுக்குப் பின் பல் பிடுங்கும் பிரிவுகளில் எல்லாம் கூட்டம் கூட்டமாக ஓ.ஆர்.என். இருக்க வேண்டும். இருந்ததா? நபிலும் சம்மானும் 2011-இல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். கதிர்வீச்சு எடுத்தவர்களுக்குப் பல் பிடுங்கியபின் ஓ.ஆர்.என். வந்தது மொத்தத்தில் சுமார் 7 சதவீதம் பேருக்கு. 30 எங்கே, 7 எங்கே!

இந்த இடைவெளிக்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. பெரிய சிக்கல்களைப் பார்க்கும் மையத்துக்கு ஏற்கெனவே மோசமான தாடைகள்தான் போய்ச் சேரும். அந்தக் காலக் கதிர்வீச்சு அகலமான பரப்பில் விழுந்தது. இன்றைக்குக் கட்டியின் வடிவத்துக்கு வளைத்துக் கொடுக்கும் முறை வந்துவிட்டதால் தாடையின் பெரும்பகுதி குறைந்த அளவையே வாங்குகிறது. பிடுங்கும் விதமும் மாறிவிட்டது. முன்பு கூரான எலும்பு ஓரங்களைத் தாராளமாக ராவுவார்கள். இப்போது ஈறை அதிகம் கிளப்பாமல், வேரை வெட்டித் துண்டாக எடுத்து, எலும்பின் மேலுறையைத் தொந்தரவு செய்யாமல் தைத்துவிடுகிறோம். இவற்றில் எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரிந்தால் நல்லது. ஆனால் சேர்ந்து எந்தத் திசையில் இழுக்கின்றன என்பதில் சந்தேகம் இல்லை.

9 சதவீத ஆக்சிஜன்

தடுப்பு வேறு, வந்த நோயைக் குணப்படுத்துவது வேறு. ஏற்கெனவே ஓ.ஆர்.என். வந்தவர்களுக்கு அறை உதவுமா என்று பிரான்ஸில் அன்னானும் குழுவினரும் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். அந்தச் சோதனையில் எனக்கு மிகப் பிடித்தது அவர்கள் பிளாசிபோ, அதாவது பொய்ச் சிகிச்சை, தயாரித்த விதம்.

பொய்யான அறை செய்வது லேசான காரியம் இல்லை. அழுத்தம் ஏறினால் காது அடைக்கும். அழுத்தமே ஏற்றாமல் சும்மா உட்காரவைத்தால் நோயாளிக்கு முதல் நாளே தெரிந்துவிடும். அழுத்தம் ஏற்றிச் சாதாரணக் காற்றைக் கொடுத்தாலோ, அந்த அழுத்தத்தில் சாதாரணக் காற்றே இரண்டரை மடங்கு ஆக்சிஜன் கொடுக்கும். பொய்ச் சிகிச்சை பாதி உண்மையாகிவிடும். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இரு குழுவுக்கும் ஒரே 2.4 வளிமண்டல அழுத்தம். ஆனால் ஒரு குழுவுக்கு 9 சதவீத ஆக்சிஜனும் 91 சதவீத நைட்ரஜனும் கலந்த வாயு. 2.4-ஐ 0.09-ஆல் பெருக்குங்கள்: 0.216. வெளியே வராந்தாவில் நின்று மூச்சு விட்டால் கிடைக்கும் ஆக்சிஜன் அழுத்தமும் ஏறக்குறைய அதே. காது அடைக்கும், அறை மூடும், நேரம் ஓடும். உடம்புக்குக் கிடைப்பது மட்டும் வராந்தாக் காற்று. நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடும் மருத்துவருக்கும் தெரியாது.

68 பேர் சேர்ந்திருந்தபோது சோதனையை நிறுத்திவிட்டார்கள். ஓராண்டில் குணமானவர்கள் ஆக்சிஜன் குழுவில் 31 பேரில் 6 பேர், 19 சதவீதம். வராந்தாக் காற்றுக் குழுவில் 37 பேரில் 12 பேர், 32 சதவீதம். எந்தக் குழு முன்னே நிற்கிறது என்று இரண்டாவது தடவை படித்துப் பார்க்கத் தோன்றும்.

அறையை ஆதரிப்பவர்கள் சும்மா இருக்கவில்லை. செத்த எலும்பை ஆக்சிஜன் மட்டும் கொடுத்து உயிர்ப்பிக்கலாம் என்று மார்க்ஸே சொன்னதில்லை. வெட்டி எடுப்பதும் ஆக்சிஜனும் சேர்ந்ததுதான் அவர் முறை, இங்கே சோதித்தது அதை அல்ல என்றார்கள். அது சரியான ஆட்சேபம். அவ்வளவு அழுத்தத்தில் 91 சதவீத நைட்ரஜனைச் சுவாசிக்கவைத்தால் பிளாசிபோ குழுவுக்கே முங்குவோர்க்கு வரும் நைட்ரஜன் குமிழ்த் தொல்லை வரும் ஆபத்து உண்டு என்றார்கள். அதுவும் யோசிக்கவேண்டியதே. ஆனால் எத்தனை ஆட்சேபம் வைத்தாலும் ஒரு தகவல் மிஞ்சுகிறது: கண்கட்டிச் சோதித்தபோது, உயரழுத்த ஆக்சிஜன் இல்லாமலே மூன்றில் ஒருவர் ஓராண்டில் தேறினார். அதுவரை யாரும் இவ்வளவு சுத்தமாக அளக்காத எண் அது.

பிறகு டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் நடந்த இரண்டு சோதனைகளின் தரவைச் சேர்த்து 2022-இல் வெளியிட்டார்கள். இதில் அறுவையும் உண்டு. ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், இன்னொன்றுக்கு அதோடு ஆக்சிஜன். ஆக்சிஜன் குழுவில் 30 பேரில் 21 பேருக்கு ஆறியது, 70 சதவீதம். மற்றதில் 35 பேரில் 18 பேருக்கு, 51 சதவீதம். வித்தியாசம் ஆக்சிஜன் பக்கம்தான். ஆனால் ஆள் போதவில்லை. பி மதிப்பு 0.13, முன்பு சொன்ன 0.05 கோட்டுக்கு வெளியே. திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டாமலே சேர்க்கை முடிந்துபோனது. வந்த நோய்க்கு அறுவையோடு சேர்த்துக் கொடுத்தால் பயன் இருக்கலாம் என்ற கதவு இன்னும் சாத்தப்படவில்லை என்றுதான் இதைப் படிக்கிறேன்.

ஹோப்பான்: எதை எண்ணுகிறோம்

தடுப்புக் கேள்விக்குத் திரும்புவோம். பிரிட்டனில் ஷாவும் குழுவினரும் நடத்தி 2019-இல் வெளியிட்ட சோதனையின் பெயர் ஹோப்பான். கீழ்த்தாடையில் 50 கிரேவுக்கு மேல் வாங்கி, பல் பிடுங்கவோ இம்ப்ளான்ட் வைக்கவோ வேண்டியவர்கள். இரு குழுவுக்கும் குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவலும் ஆன்டிபயாடிக்கும். ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதலாக 30 டைவ்.

பொய் அறை இல்லை. நோயாளிக்குத் தெரியும், அறுவை செய்தவருக்கும் தெரியும். ஆனால் ஓ.ஆர்.என். வந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொன்னவர்களுக்கு மட்டும் தெரியாது. ஆறாம் மாதப் புகைப்படமும் எக்ஸ்ரேயும் அவர்கள் மேசைக்குப் போகும். நோயாளி எந்தக் குழு என்ற விவரம் போகாது. 1985-இல் இல்லாதது இதுதான்.

தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தபோதுதான் வேறொரு தொல்லை தெரிந்தது. ஓ.ஆர்.என். என்றால் எது? பல் பிடுங்கிய இடத்தில், ஈறு ஏறக்குறைய மூடிய பின்னும், நாக்கு நுனி பட்டால் உறுத்துகிற மாதிரி அரிசிக்குருணை அளவில் ஒரு எலும்புச் சில்லு நீட்டிக்கொண்டிருக்கும். இது சாதாரணத் தாடையிலும் வரும். சில வாரத்தில் தானாக உதிரும், இல்லை இடுக்கியால் எடுத்துவிடலாம். கதிர்வீச்சு பட்ட வாயில் அதே சில்லைப் பார்த்தால் கை நடுங்குகிறது. 'வெளியே தெரியும் எலும்பு' என்ற பழைய வரையறையின்படி அதுவும் ஓ.ஆர்.என்.தான். கன்னத்தைத் துளைத்த தாடையும் அதே பட்டியலில், குருணைச் சில்லும் அதே பட்டியலில். ஹோப்பான் குழு இந்தச் சிறு சில்லுகளைத் தனி வகையாகப் பிரித்து, அதைப் பற்றி 2017-இலேயே தனிக் கட்டுரை எழுதியது. என்னைக் கேட்டால் முடிவை விட அந்தக் கட்டுரைதான் துறைக்குப் பெரிய உபகாரம். பழைய ஆய்வுகளில் எத்தனை சில்லுகள் 'ஓ.ஆர்.என்.' என்று எண்ணப்பட்டிருக்கும் என்று யோசித்தால் 30 சதவீதம் என்ற பழைய எண்ணை அப்புறம் அதே நம்பிக்கையோடு படிக்க முடிவதில்லை.

முடிவு என்ன? 144 பேரைப் பிரித்தார்கள், 100 பேரைத்தான் கடைசியில் கணக்கில் எடுக்க முடிந்தது. ஆக்சிஜன் குழுவில் 47 பேரில் 3 பேருக்கு ஓ.ஆர்.என்., 6.4 சதவீதம். மற்றதில் 53 பேரில் 3 பேருக்கு, 5.7 சதவீதம். மூன்றுக்கு மூன்று. ஆக்சிஜன் குழுவினருக்கு ஆரம்ப நாள்களின் வலி, வீக்கம் போன்ற தொந்தரவு குறைவாக இருந்தது. பிற்பாடு வலியிலோ வாழ்க்கைத் தரத்திலோ சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

இதையும் விட்டுவைக்கக் கூடாது. 144-இல் 44 பேர் கணக்கில் இல்லை, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. விலகியவர்கள் ஆக்சிஜன் குழுவில்தான் அதிகம். 30 தடவை அறைக்குப் போய்வரச் சொன்னால் வேறென்ன நடக்கும்? இரு குழுவின் ஆபத்தையும் ஒப்பிடும் எண்ணான முரண் விகிதத்தின் 95 சதவீத நம்பக எல்லை 0.14-இல் இருந்து 8.92 வரை. அதாவது ஆபத்தை ஏழில் ஒன்றாகக் குறைத்தாலும் ஒன்பது மடங்காகக் கூட்டினாலும் இந்தத் தரவோடு ஒத்துப்போகும். 'ஆக்சிஜன் வேலை செய்யாது என்று ஹோப்பான் நிரூபித்துவிட்டது' என்று கருத்தரங்குகளில் சொல்கிறவர்கள் இந்த எல்லையைப் படிக்கவில்லை. ஆறு நிகழ்வுகளை வைத்துக்கொண்டு எதையும் அப்படி நிரூபிக்க முடியாது.

பின்னே ஹோப்பான் சொன்னது என்ன? ஆக்சிஜன் இல்லாமல் 53 பேரில் 50 பேருக்கு ஓ.ஆர்.என். வரவில்லை என்றது. அது போதும். இப்படிக் கணக்குப் போடுங்கள்: ஆக்சிஜன் ஆபத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்றே தாராளமாக ஒப்புக்கொள்வோம். 6 சதவீதம் 3 ஆகும். ஒரு தாடையைக் காப்பாற்ற 33 பேரை அறைக்கு அனுப்ப வேண்டும். 33 பேருக்கு 30 டைவ் வீதம் 990 டைவ். தலா 90 நிமிடம் என்றால் 1,485 மணி நேரம் மனிதர்கள் மூடிய அறைக்குள். 1985-இன் கணக்கில் அதே ஒரு தாடைக்கு 120 டைவ். மருந்து மாறவில்லை, அழுத்தம் மாறவில்லை, 90 நிமிடம் மாறவில்லை. மாறியது மருந்து கிடைக்காதவர்களின் கதி. ஹோப்பான் ஆசிரியர்களும் ஓ.ஆர்.என். வரும் விகிதம் குறைவு என்பதைத்தான் காரணமாகக் காட்டி, அறை தேவையில்லை என்றார்கள்.

2024-இல் ஆஸ்கோ உள்ளிட்ட புற்றுநோய் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியும் பல் பிடுங்கும் எல்லோரையும் வழக்கமாக அறைக்கு அனுப்பச் சொல்லவில்லை. தாடையின் கணிசமான பகுதி 50 கிரேயோ அதற்கு மேலோ வாங்கிய இடத்தில் அறுவை என்றால் யோசிக்கலாம், ஆதாரம் குறைவு என்ற குறிப்போடு, என்று விட்டிருக்கிறது.

அதே ஆள், இன்னொரு கதை

மார்க்ஸைக் குறை சொல்லும் கட்டுரையாக இது ஆகிவிடக் கூடாது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2003-இல் அவரே ஒரு மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். பாமிட்ரோனேட், சோலெட்ரோனேட் என்ற எலும்பு மருந்துகளை எடுத்த 36 பேருக்குத் தாடை எலும்பு செத்து வெளியே தெரிகிறது என்று. கட்டுப்பாட்டுக் குழு இல்லை, பிரித்துப் போடவில்லை, கண்கட்டு இல்லை. ஆதாரத் தரவரிசையில் 1985 சோதனையை விடப் பல படி கீழே. ஆனால் அது நின்றது. சில வருடங்களிலேயே உலகம் முழுக்க அதை ஒப்புக்கொண்டார்கள். இன்றைக்கு அந்த மருந்துகளை ஆரம்பிக்கும் முன் பல்லைச் சோதிப்பது சாதாரண நடைமுறை.

தரம் குறைந்த ஆய்வு ஏன் நின்றது? கதிர்வீச்சே படாத வாயில் அப்படி எலும்பு வெளியே தெரிவது அதுவரை கிட்டத்தட்ட கேள்விப்படாத விஷயம். 19-ஆம் நூற்றாண்டில் தீக்குச்சித் தொழிற்சாலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் புகையைச் சுவாசித்தவர்களுக்குத் தாடை அழுகியது. அப்படி அரிதான சங்கதி. மருந்து எடுக்காதவர்களுக்கு வரும் விகிதம் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் 36 பேரே போதும், எதிரே நிறுத்தக் குழு வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த பூஜ்யம்தான் எதிர்க்குழு.

இதைத் திருப்பிப் போட்டால் இன்னொரு சிகிச்சையையும் படிக்கலாம். பென்டாக்சிஃபிலின், வைட்டமின் ஈ, குளோட்ரோனேட் ஆகிய மூன்றையும் சேர்த்து பிரெஞ்சு மருத்துவர் டெலானியனின் குழு கொடுத்துப் பார்த்தது. கதிர்வீச்சுக்குப் பின் நடப்பது ஆக்சிஜன் பஞ்சம் அல்ல, திசு நார்ப்பிடித்துச் சுருங்குவது என்பது அவர்கள் கோட்பாடு. 2011-இல் வெளியான 54 பேரில் எல்லோருக்கும் ஆறியது என்றார்கள். குளோட்ரோனேட் 2003 கடிதத்தில் வந்த மருந்துகளின் குடும்பம்தான் என்பது ஒரு வேடிக்கை. தாடையைக் கெடுக்கும் குடும்பத்தில் ஒருவரைக் கூப்பிட்டே தாடையைச் சரிசெய்கிறார்கள். மாத்திரைதான், அறைக்குப் போகவேண்டாம். ஆசை வருகிறது. ஆனால் எதிரே ஆள் இல்லை. பிரான்ஸில் வராந்தாக் காற்றைச் சுவாசித்தவர்களில் 32 சதவீதம், வட ஐரோப்பாவில் வழக்கமான சிகிச்சையில் 51 சதவீதம் ஆறியதே, அந்த எண்கள் இங்கே எங்கே நிற்கும்? எல்லோருக்கும் ஆறியது என்பதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு? குலுக்கிப் பிரித்துச் சோதிக்கும்வரை, கொடுக்கலாம். கொடுத்ததால்தான் ஆறியது என்று எழுதக் கூடாது.

சரி, முதலில் வந்த அந்த ஆளுக்கு வருவோம். சீழோடு இரண்டு வேர்கள். இன்றைக்கு அவரைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது கதிர்வீச்சுத் திட்டப் படத்தை. மொத்த அளவு 66 கிரே என்று ஒரு வரி எழுதிய காகிதம் போதாது. அந்தப் பல்லின் வேர் நுனியில் எவ்வளவு விழுந்தது என்று நிறம் பிரித்துக் காட்டும் படம் வேண்டும். ஒரே தாடையில் ஒரு பக்கம் 65 இருக்கும், மறுபக்கம் 25 இருக்கும். சிவப்பில் இருக்கும் பல்லும் நீலத்தில் இருக்கும் பல்லும் ஒரே கேள்வி இல்லை. பழைய ஆய்வுகள் இரண்டையும் ஒரே பையில் போட்டுத்தான் சதவீதம் எடுத்தன.

அப்புறம் ஆன்டிபயாடிக், வாய்க்கழுவல், வேரைப் பிரித்து மெதுவாக எடுப்பது, இறுக்காமல் தைப்பது. அறைக்கு அனுப்புவதில்லை. அன்றைக்கே ஒரு புகைப்படம், ஓரத்தில் அளவுகோல் வைத்து. ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், அதே கோணம், அதே அளவுகோல். மூன்றாம் மாதம் நாக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு சில்லு தெரியலாம். அதைத் தொட்டுப் பார்த்து, அசைகிறதா என்று குறித்து, எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிவைக்க வேண்டும். ஓ.ஆர்.என். என்று எழுதலாமா கூடாதா என்பதை ஆறாம் மாதப் படத்தைப் பார்க்கும் வேறொருவர் சொல்லட்டும். அவருக்கு நோயாளியின் பெயரும் தெரிய வேண்டாம், பிடுங்கியது யார் என்பதும் தெரிய வேண்டாம்.